பட்டாணிச் செடியும் படப்பெட்டியும்

மண்தொட்டியில் ஒரு பட்டாணி விதை. அதன் எதிரே அசையாமல் நிறுத்திய ஒரு படப்பெட்டி. 1912ஆம் ஆண்டில், பம்பாயில் தம் வீட்டில் இவ்விரண்டையும் நாள்தோறும் காத்து வந்தவர் தாதாசாகேப் பால்கே.

நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் 1870ஆம் ஆண்டு பிறந்த அவர், பம்பாயிலும் பரோடாவிலும் ஓவியமும் ஒளிப்படக் கலையும் பயின்றார். கோத்ரா நகரில் ஒளிப்படக்கூடம் நடத்தியபோது, கொள்ளைநோய்க்கு மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். பின்னர் சரஸ்வதிபாயை மணந்து, அச்சுத் தொழிலில் புகழ் பெற்றார். பங்காளிகளுடன் மனம் ஒவ்வாமல் அதையும் துறந்தார்.

அந்நாளில் இயேசுநாதரின் வாழ்வைக் காட்டும் ஊமைப்படம் ஒன்றைக் கண்டார். நம் புராணக் கதைகளும் இவ்வாறு திரையில் அசைய வேண்டும் என்னும் ஆவல் அவரைப் பற்றிக்கொண்டது. இரவு பகலாகப் படங்களைப் பார்த்து ஆராய்ந்ததில் கண்பார்வையே மங்கியது, மருத்துவத்தால்தான் மீண்டது. காப்புறுதிப் பத்திரங்களை அடகு வைத்து இலண்டன் சென்று, தொழிலைக் கற்றுப் படப்பெட்டியுடன் திரும்பினார். ஆனால் முழுநீளப் படமெடுக்கப் பணம் வேண்டுமே! இந்தியாவில் இது இயலும் என்று நம்புவோர் அரிதாக இருந்தனர்.

அதற்கு விடையாகவே பட்டாணி விதையை ஊன்றினார். ஒரு மாதத்துக்கும் மேலாக, ஒரே இடத்திலிருந்து, ஒரே தொலைவில், நாள்தோறும் சிறிது சிறிதாகப் படமெடுத்தார். பெட்டி சற்றே நகர்ந்திருந்தாலும் திரையில் செடி துள்ளிக் குதித்திருக்கும். திரையிட்டபோது, பார்த்தவர் கண்முன்னே விதை முளைத்துக் கொடியாகிக் காய்த்தது. அதன் பிறகே கடன் கிடைத்தது.

சரஸ்வதிபாயின் பங்கை இங்கே மறக்கலாகாது. படச்சுருளின் ஓரத்தில் துளையிடுவதும், எடுத்த படத்தைக் கழுவுவதும், குழுவினர் அனைவருக்கும் சமைப்பதும் அவர் பொறுப்பாயின. 1913ஆம் ஆண்டு மே 3 அன்று ராஜா ஹரிச்சந்திரா பம்பாயில் மக்களுக்குத் திரையிடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பால்கே தீக்குச்சிகளை நடிக்க வைத்தார்! செடி தானே வளர்ந்தது. தீக்குச்சிகளையோ ஒவ்வொரு முறையும் கையால் நகர்த்திப் படமெடுக்க வேண்டும். இம்முறைக்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். அப்படம் இன்று கிடைக்கவில்லை. பால்கே 1944ஆம் ஆண்டு நாசிக்கில் காலமானார்.

மாணவர்களே, தீக்குச்சிக்கு மாற்றாக ஒளிப்படத் துண்டுகளைக் கொண்டு நீங்களும் இவ்வாறு செய்யலாம். ஆஸ்டின் டவுனில் உங்கள் தெருவை ஒரு படமும், பேருந்தைப் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து அச்சிடுங்கள். பேருந்தை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டித் தெருவின்மேல் வையுங்கள். கைப்பேசியை மேலிருந்து பார்க்குமாறு உறுதியாகக் கட்டுங்கள். நொடிக்கு 12 படம் எனக் கொண்டால், 10 நொடிக்கு 120 படங்கள் வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை சென்டிமீட்டர் நகர்த்தினால், பேருந்து 60 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே தெருப்படம் அதைவிட நீளமாக இருத்தல் வேண்டும். இக்கணக்கை முதலிலேயே போடுங்கள்; பாதியில் தெரு தீர்ந்துவிட்டால் பேருந்து எங்கே போகும்? சன்னல் வெயில் மாறிக்கொண்டே இருக்கும். திரையை மூடி, ஒரே விளக்கொளியில் எடுங்கள்.