மூழ்கவில்லை, நகர்ந்தது!

இந்துமாக்கடலின் அடியிலே ஒரு கண்டம் கிடக்கிறது, இலெமூரியா என்பது அதன் பெயர், அதுவே நம் முன்னோரின் முதல் வீடு என்று மேடைகளிலே பலர் முழங்கக் கேட்டிருக்கிறோம். கேட்கும்போது தோள் பூரிக்கிறது. கைதட்டல் வானைப் பிளக்கிறது. ஆனால் தோழர்களே, பகுத்தறிவு பேசுவோருக்கு ஒரு கடமை உண்டு. மாற்றான் புராணத்தை மடக்கிக் கேட்கும் அதே கேள்வியை, நம் செவிக்கு இனிக்கும் கதையிடமும் கேட்டாக வேண்டும். ஒரு கண்டம் கடலுக்குள் மூழ்க முடியுமா? முடியாது என்று விடை கண்டு, அந்த விடைக்காக வாழ்நாளெல்லாம் ஏச்சும் எள்ளலும் ஏற்று, இறுதியில் பனிப்பாலையிலே மாண்டு போனார் ஒருவர். ஆல்பிரட் வெகனர் அவர் பெயர்.

1880ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தை மதபோதகர், பழைய மொழிகளைக் கற்பித்தவர், ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்தியவர். ஐந்து பிள்ளைகளில் வெகனர் கடைக்குட்டி. மத நூலைப் புரட்ட வேண்டிய வீட்டிலே பிறந்த பிள்ளை வான நூலைப் புரட்டிற்று. 1905இல் பெர்லின் பல்கலைக்கழகத்திலே வானியலுக்காக டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்தப் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளைக் கவனியுங்கள். 13ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினில் காஸ்டில் நாட்டை ஆண்ட பத்தாம் அல்போன்சோ மன்னன் காலத்தில் தொகுக்கப்பட்ட கோள் அட்டவணைகள்! பூமி நடுவே அசையாமல் நிற்கிறது, ஞாயிறும் திங்களும் கோள்களும் அதைச் சுற்றுகின்றன என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அந்தப் பழங்கணக்கை இக்காலத்தார் பயன்படுத்தும் வகையில் மாற்றித் தந்தார் இந்த இளைஞர். நிற்கிறது என்று நம்பியவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் எவ்வளவு துல்லியமாகவும் கணக்குப் போட்டார்கள், எவ்வளவு தவறாகவும் இருந்தார்கள் என்பதை விரல்நுனியிலே உணர்ந்தவர் அவர். பூமி சுழல்கிறது என்பதை ஏற்ற உலகம், பூமியின் மேலுள்ள நிலம் மட்டும் ஆணியடித்தாற்போல் நிற்கிறது என்று நம்பியதே, அந்த நம்பிக்கையை அசைக்கப் போகிறவரும் அவரே!

பட்டம் வாங்கியவர் நாற்காலி தேடவில்லை, காற்றைத் தேடினார். வானிலை ஆராய்ச்சியிலே இறங்கினார். 1906 ஏப்ரலில் அண்ணன் கூர்ட்டுடன் பலூனில் ஏறி 52 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பறந்தார். அந்நாளில் அது உலகச் சாதனை. அதே ஆண்டு கிரீன்லாந்துக்குப் புறப்பட்ட டேனிஷ் ஆராய்ச்சிக் குழுவிலே சேர்ந்து ஈராண்டு அங்கே தங்கினார். அந்தப் பயணத்திலேயே குழுத் தலைவரும் தோழர்கள் இருவரும் பனிக்குப் பலியானார்கள். பனி எப்படிப்பட்ட எதிரி என்பதை வெகனர் படித்து அறியவில்லை, பார்த்து அறிந்தார்.

திரும்பி வந்து மார்பர்க் பல்கலைக்கழகத்திலே பாடம் சொல்லிக்கொண்டிருந்த காலம். புதிய உலகப் படம் ஒன்றைப் பார்க்கிறார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரை துருத்திக்கொண்டிருக்கும் இடத்திலே ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை குழிந்திருக்கிறது. கிழித்த தாளின் இரு துண்டுகள் போல! இதை அவருக்கு முன்பும் பலர் கண்டதுண்டு. கண்டு வியந்து, படத்தை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதுண்டு. வெகனர் மடித்து வைக்கவில்லை. 1911இல் நூலகத்திலே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அவர் கையில் சிக்கியது. அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் ஒரே வகை உயிர்களின் கற்படிவங்கள் கிடைக்கின்றன என்றது அது.

மீசோசாரஸ் என்று ஒரு சிறு ஊர்வன. அதன் எலும்புகள் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் தென் அமெரிக்காவிலும் கிடைக்கின்றன, வேறெங்கும் இல்லை. அட்லாண்டிக்கை நீந்திக் கடக்கும் வல்லமை அதற்கு இல்லை. குளோசாப்டெரிஸ் என்று ஒரு செடியினம். நாக்குப் போன்ற இலை. அது தென் அமெரிக்காவிலே கிடைக்கிறது, ஆப்பிரிக்காவிலே கிடைக்கிறது, ஆஸ்திரேலியாவிலே கிடைக்கிறது. தென் துருவம் சென்று 1912இல் திரும்பும் வழியில் மாண்ட ஸ்காட்டின் குழுவினர் இறுதிவரை இழுத்து வந்த கற்களிலும் அதன் பதிவு இருந்தது. இந்தியாவிலோ, ராணிகஞ்சிலும் ஜாரியாவிலும் சுரங்கத் தொழிலாளி நெற்றி வியர்வை சிந்தி வெட்டும் நிலக்கரியே அந்தக் காட்டின் சாம்பாத எச்சம்தான். (நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி வேறு, அது வெகு பிற்காலத்தது.) இன்னும் கேளுங்கள்: வெயிலிலே மண்டை பிளக்கும் ஒரிசாவின் தால்ச்சேரில், 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியாறு தேய்த்துச் சென்ற கற்கள் கிடக்கின்றன! ஒரிசாவுக்குப் பனி வந்ததா, அல்லது பனியிருந்த இடத்திலிருந்து ஒரிசா வந்ததா?

அக்கால நிலவியல் அறிஞர்கள் இதற்கெல்லாம் ஒரு விடை வைத்திருந்தார்கள். கண்டத்துக்கும் கண்டத்துக்கும் இடையே நிலப் பாலம் இருந்தது. பிறகு அது கடலில் மூழ்கிவிட்டது என்றார்கள். அப்படிப் பிறந்த பாலங்களில் ஒன்றுதான் இலெமூரியா. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியல் அறிஞர், மடகாஸ்கர் தீவிலே வாழும் லெமூர் என்ற மர விலங்கையும் இந்தியாவிலுள்ள அதன் உறவினங்களையும் கண்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு பெருநிலம் இருந்திருக்க வேண்டும் எனக் கருதி இட்ட பெயர் அது. தமிழனையோ தமிழையோ நினைத்து இட்ட பெயரன்று.

வெகனர் கேட்டார்: கண்டம் மூழ்குமா? நிலத்தின் அடிப்பாறை பெரும்பாலும் கிரானைட்டு வகை, எடை குறைந்தது. கடலடிப் பாறை பசால்டு, எடை மிகுந்தது. நீரைப்போல் 2.7 மடங்கு எடையுள்ளது ஒன்று. 3 மடங்கு மற்றொன்று. அவற்றைத் தாங்கும் ஆழத்துப் பாறை இன்னும் கனமானது. குளத்திலே கட்டை மிதப்பதுபோல, அந்தக் கனப்பாறையின் மேல் கண்டங்கள் வேர் அமிழ்ந்து மிதக்கின்றன. கட்டையைக் கையால் அழுத்தலாம். கையை எடுத்தால் மேலே வரும். தானாகவே அடிக்குப் போய்க் கிடக்காது.

இது வெறும் உவமையா? அன்று. இதன் முக்கியத் தடயம் ஒன்று கிடைத்தது இந்திய மண்ணிலே. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவை, வடக்கே இமயத்தை நெருங்கியபோது கணக்கிலே ஒரு வழு தென்பட்டது. மலையின் ஈர்ப்பு, தூக்குக் குண்டைத் தன் பக்கம் இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை! 1855இல் ஏரி என்ற ஆங்கில வானியல் அறிஞர் காரணம் சொன்னார்: மலைக்கு அடியிலும் எடை குறைந்த பாறையே வேராக இறங்கியிருக்கிறது. கொத்தனார் கையிலிருக்கும் தூக்குக் குண்டு சொன்ன உண்மை இது.

வெகனர் இன்னொரு சான்றும் காட்டினார். பூமியின் மேற்பரப்பை அளந்து பாருங்கள். கடல்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு தளம். ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்திலே மற்றொரு தளம். மேற்பரப்பில் பெரும்பகுதி இந்த இரண்டைச் சுற்றியே அமைந்திருக்கிறது. கண்டங்கள் மூழ்குவதும் கடலடி எழுவதும் உண்மையானால் எல்லா உயரமும் கலந்தல்லவா கிடக்க வேண்டும்? எனவே கண்டம் மூழ்கவில்லை, நகர்ந்தது! ஒன்றாயிருந்தது பிரிந்தது! 1912 சனவரி 6ஆம் நாள் பிராங்பர்ட் நகரில், நிலவியல் அறிஞர்களின் அவையிலே, முப்பத்தோரு வயது வானிலை ஆசிரியர் இதை அறிவித்தார்.

அப்படியானால் இலெமூரியா? வெகனர் தம் நூலிலே அந்தப் பெயரையும் விடவில்லை. அந்த நிலம் கடலடியில் இல்லை. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே நெருக்குண்டு இமயமாக மடிந்துவிட்டது என்பது அவர் கருத்து. இன்றைய அறிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தன. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. இந்தியா வடக்கே விரைந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டத் தொடங்கியது, இமயம் எழுந்தது. மனித இனத்தின் வயதோ 3 லட்சம் ஆண்டு அளவே! மனிதனே இல்லாத காலத்துப் பிரிவினையிலே தமிழனைக் குடியேற்றுவது தமிழுக்குச் செய்யும் தொண்டா? பழம்பாட்டுகள் கூறும் கடல்கோளைப் பொய் என்று நாம் கூறவில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் ஏறிற்று. உலகெங்கும் கரைகள் போயின. கரை போவது வேறு, கண்டம் மூழ்குவது வேறு. பெருமைதான் வேண்டுமென்றால், பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் தலைமுறை தலைமுறையாகக் கல் உடைத்தவர்களின் சம்மட்டி பட்ட பாறையைப் பாருங்கள். சார்னோகைட் என்று உலக அறிஞர்கள் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அதே இனப் பாறை பனி மூடிய அண்டார்க்டிகாவிலும் இருக்கிறது. ஒட்டியிருந்த உறவுக்குக் கல்லே சாட்சி!

வெகனர் வாழ்வுக்கு வருவோம். 1912–13இல் மீண்டும் கிரீன்லாந்து. டேனிஷ்காரரான கோக் தலைமையிலே, குதிரைகளோடு, பனிப்பரப்பைக் குறுக்கே கடந்தார். 1913இல் எல்சாவை மணந்தார்; தட்பவெப்ப ஆராய்ச்சியிலே பெயர்பெற்ற கோப்பனின் மகள் அவர். 1914இல் போர். படையதிகாரியாகச் சென்றவர் இருமுறை குண்டடி பட்டார்; கையில் ஒன்று, கழுத்தில் ஒன்று. மன்னர்கள் நிலத்துக்காக மக்களை மோதவிட்ட அந்த வேளையில், காயம் ஆற விடுப்பிலே கிடந்த இந்த வீரர், நிலம் யாருக்கும் நிலையாக நிற்பதில்லை என்ற நூலை எழுதினார்! 1915இல் அது வெளிவந்தது. கண்டங்கள், கடல்கள் ஆகியவற்றின் தோற்றம் என்பது அதன் பொருள்.

வானத்தையும் அவர் மறக்கவில்லை. 1916இல் ட்ரெய்சா என்ற ஊர்ப் பக்கம் ஒரு விண்கல் விழுந்தது. கண்டவர்களிடமெல்லாம் கேட்டறிந்து, விழுந்த இடம் இன்னது எனக் கணக்கிட்டார். மறு ஆண்டு அவர் குறித்த பகுதியிலே, காட்டுக்குள், 63 கிலோ எடையுள்ள அந்தக் கல் கிடைத்தது. நிலவின் முகத்திலுள்ள வட்டக் குழிகள் எரிமலை வாய்கள் என்றே பெரும்பாலோர் அந்நாளில் நம்பினர். வெகனர் சிமெண்டுத் தூளைப் பரப்பினார். அதன்மேல் சிமெண்டுத் தூளையே வீசியெறிந்தார். விளிம்பு உயர்ந்த வட்டக் குழி விழுந்தது! விண்ணிலிருந்து கல் மோதிய வடுக்கள் அவை என்று 1921இல் எழுதினார். இன்று உலகம் ஒப்புக்கொண்ட உண்மை அது. நிலவிலே காற்றில்லை, மழையில்லை, வடு ஆறவில்லை. பூமியிலே மழையும் ஆறும் நகரும் நிலமும் வடுக்களை அழித்துவிடுகின்றன.

ஆனால் புகழ் வந்ததா? வானிலைக்காரனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள்! சாதி பார்ப்பது நம் நாட்டு நோய் என்று நினைக்கிறோம். அறிவுத் துறையிலும் உண்டு அந்தத் தீட்டு. ஜெர்மனியிலே அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 1924இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம்தான் அழைத்தது. 1926இல் நியூயார்க்கில் கூடிய அறிஞர் அவை அவர் கொள்கையைப் பெரும்பாலும் ஒதுக்கித் தள்ளிற்று.

எதிர்த்தோரின் ஒரு கேள்வி நியாயமானது; அதை மறைப்பது நேர்மையன்று. கண்டத்தைத் தள்ளும் விசை எது? பூமியின் சுழற்சியும் திங்கள், ஞாயிறுகளின் இழுப்பும் என்றார் வெகனர். அந்த விசை போதவே போதாது என்று ஜெப்ரீஸ் என்ற ஆங்கிலேயர் கணக்கிட்டுக் காட்டினார், காட்டியது சரியே. நகரும் வேகத்தையும் வெகனர் மிகையாகவே மதிப்பிட்டார். பூமி ஒரு மணியில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே ஓரிடத்து நேரத்தையும் கிரீனிச் நேரத்தையும் ஒப்பிட்டால் அந்த இடம் எங்கே என்று தெரியும். கிரீன்லாந்தில் பழைய குழுக்கள் திங்களைப் பார்த்து இப்படி அளந்த அளவுகளை ஒப்பிட்டு, அது ஆண்டுக்குப் பல மீட்டர் விலகுவதாகக் கொண்டார். அளவையின் வழுவே அவ்வளவு இருந்தது! விடையிலே குறை இருந்தது உண்மை. அதற்காகச் சான்றுகளையும் சேர்த்துக் குப்பையிலே போட்டார்களே, அதுதான் தவறு.

1930. மூன்றாவது பெரும் பயணம். இம்முறை தலைவர் வெகனரே. கரையிலிருந்து 400 கிலோமீட்டர் உள்ளே ஐஸ்மிட்டே, அதாவது பனியின் நடு என்னும் நிலையம். அங்கே குளிர்காலம் கழிக்க இருவர். அவர்களுக்குப் போதிய உணவும் எரிபொருளும் போய்ச் சேரவில்லை. நம்பியிருந்த எந்திரச் சறுக்கு வண்டிகள் கைவிட்டன. செப்டம்பர் பிற்பகுதியில், நாய் வண்டிகளோடு தலைவரே புறப்பட்டார். உடன் லோவே என்பவரும், கிரீன்லாந்து மண்ணின் மைந்தர் 13 பேரும். குளிர் கடித்தது, படிப்படியாக மற்றவர் திரும்பினர். திரும்பாமல் நின்ற மண்ணின் மைந்தர் ஒருவரே: ராஸ்மஸ் வில்லும்சென், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். பூஜ்யத்துக்குக் கீழே 54 பாகைவரை இறங்கிய குளிரிலே, 40 நாள் நடந்து, அக்டோபர் 30 அன்று மூவரும் சேர்ந்தனர். லோவேயின் கால் விரல்கள் உறைந்து அழுகின. மயக்க மருந்தின்றிக் கத்தியால் வெட்டி எடுத்தார்கள். ஐவருக்கு உணவு பற்றாது. நவம்பர் முதல் நாள், தம் ஐம்பதாம் பிறந்த நாளன்று, வெகனர் கரையை நோக்கித் திரும்பினார். வில்லும்சென் கூடச் சென்றார்.

1931 மே 12இல் தேடிச் சென்றோர், பாதி வழியிலே, பனியில் செங்குத்தாய் நட்டிருந்த சறுக்குக் கட்டைகளைக் கண்டார்கள். அடியிலே வெகனர். உறக்கப் பையின் உறையிலே வைத்துத் தைத்து, பாங்காகப் படுக்க வைத்திருந்தது ஒரு கை. அந்தக் கை வில்லும்செனுடையது. தலைவரின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு தனியே நடந்த அந்த இளைஞர் இன்றுவரை கிடைக்கவில்லை. உலகப் புகழ் பெற்ற அறிஞருக்கு அவர் கல்லறை அமைத்தார்; அவருக்குக் கல்லறை இல்லை. வெகனரின் பெயரைச் சொல்லும் இடமெல்லாம் இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது நம் எண்ணம்.

கணவரின் உடல் பனியிலேயே இருக்கட்டும் என்றார் எல்சா. நூறாண்டு வாழ்ந்து 1992இல் மறைந்த அவர், கணவரின் கொள்கை வென்றதைக் கண்ணாரக் கண்டார். 1950களில் அமெரிக்காவிலே மேரி தார்ப் என்ற பெண்மணி கடலடிப் படம் வரைந்து, அட்லாண்டிக் நடுவே மலைத்தொடரையும் அதன் உச்சியிலே பிளவையும் காட்டினார். பூமியின் உள்வெப்பத்தால் ஆழத்துப் பாறை மெல்லச் சுழன்றோடுகிறது என்று ஹோம்ஸ் முன்பே சொல்லியிருந்தார். 1963இல் வைன், மாத்யூஸ் என்ற இருவர், பிளவின் இருபுறமும் புதிய கடலடி பிறந்து விலகுவதைப் பாறைகளின் காந்தப் பட்டைகள் கொண்டு விளக்கினார்கள். கண்டம் மட்டுமன்று, கடலடியும் சேர்ந்த பெருந்தட்டுகளே நகர்கின்றன என்று வெகனரின் கொள்கை திருத்தமும் பெற்றது. இன்று செயற்கைக் கோள்களைக் கொண்டு அளக்கிறார்கள். இந்தியா ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் இன்னும் வடகிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. வெகனர் படுத்திருக்கும் கிரீன்லாந்து ஐரோப்பாவை விட்டு விலகுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்.