பாடுபடுவோர்க்குச் சொல்லுரிமை தேடிய சிங்காரவேலர்

சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பங்களில் 'பாடு' என்னும் முறை வழிவழியாக வழங்கி வருகின்றது. வலையிடும் இடத்திற்கும் பாடு என்றே பெயர். எந்நாளில் எவர் எங்கே வலையிடுவது என்பதை முதலாளி எவரும் விதிப்பதில்லை. உரிமையுள்ளோர் ஊர்க்கூட்டத்தில் அமர்ந்து, சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் தாமே முடிவு செய்கின்றனர். உழைப்போர் சொல்லுக்கு ஆலையிலும் பட்டறையிலும் மதிப்பு வேண்டுமென்று போராடிய பெருமகனார் ஒருவரும் மீனவர் குடியிலேயே தோன்றினார் என்பதை நாம் எண்ணி மகிழ்கின்றோம்.

அவரே ம. சிங்காரவேலர். 1860ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று வழக்கறிஞரானார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது 1921இல் அத்தொழிலைத் துறந்தார். 1923 மே முதல் நாள், இந்தியாவிலேயே முதன்முறையாகச் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். அன்றே தொழிலாளர்க்கும் உழவர்க்கும் உரிய கட்சியொன்றையும் தொடங்கினார். 1925இல் கான்பூரில் கூடிய முதல் பொதுவுடைமை மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

அன்னாரின் வாழ்வில் பெருஞ்சோதனை 1928இல் வந்தது. தென்னிந்திய இரயில்வே நிருவாகம் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளரைக் குறைக்கத் திட்டமிட்டது. பட்டறையில் வாழ்நாளைக் கழித்தோரின் வாழ்வு, அவர்தம் இசைவின்றியே தீர்மானிக்கப்பட்டது. வேலைநிறுத்தம் மூண்டது. சிங்காரவேலர் தொழிலாளர் பக்கம் நின்றார். போராட்டம் தோல்வியுற்றது. அறுபத்தெட்டு வயது முதியவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைய, 1930இல் விடுதலை பெற்றார்.

1946 பிப்ரவரி 11இல் அவர் மறைந்தார். மறு ஆண்டில் இயற்றப்பெற்ற தொழில் தகராறுச் சட்டம், நிருவாகத்தாரும் தொழிலாளரும் ஒருங்கே அமரும் பணிக்குழுக்களுக்கு வழிவகுத்தது. 1976இல் நிருவாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு, 43அ பிரிவாக அரசியலமைப்பின் நெறிமுறைக் கோட்பாடுகளில் இடம்பெற்றது. இரண்டையும் அவர் காணவில்லை.

பழவேற்காட்டுப் பாடும் குறையற்றதன்று. உரிமைப் பட்டியலில் இடம்பெறாதோர்க்கு அக்கூட்டத்தில் சொல் இல்லை, பெண்டிர்க்கும் இல்லை. பாடுபடும் அனைவரும் கூடி முடிவெடுக்கும் நாளே சிங்காரவேலரின் பணி நிறைவுறும் நாள் என நாம் கருதுகின்றோம்.