பழனி பஸ்ஸும் ஜி.டி. நாயுடுவும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, ஹாஸ்டல் நினைவுகளை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதற்கு நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஜி.டி. நாயுடுவைப் பற்றி எழுதுகிறேன். கோயமுத்தூர்க்காரருக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். 1920-ல் அவர் வாங்கி, தாமே ஓட்டிய முதல் பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடியது. நம்ம பழனிதான்!

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில், 1893 மார்ச் 23-ல், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்று போச்சு. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லாமல் வண்டி ஓடுகிறதே என்று பார்த்தவருக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். அந்த வண்டியையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி, திரும்பப் பூட்டினார். அவர் படித்த மெக்கானிக்கல் என்ஜினியரிங் அதுதான்.

நடுவில் பருத்தி வியாபாரத்தில் பம்பாய் வரை போய்ப் பணத்தை இழந்தார். பிறகு ஸ்டேன்ஸ் துரை கைகொடுக்க, பஸ் வந்தது. ஒரு பஸ் பல பஸ்ஸாகி, யு.எம்.எஸ். என்ற பெயர் கொங்கு நாடெங்கும் தெரிந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் எலக்ட்ரிக் மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். நம்ம பக்கம் கிணற்றுப் பாசனம்தானே! கமலை இறைத்த கிணறுகளில் கோயமுத்தூர் மோட்டார் வந்து இறங்கியதை நம் அப்பாக்கள் பார்த்திருக்கிறார்கள்.

பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், ஜூஸ் பிழியும் மெஷின், மண்ணெண்ணெயில் சுற்றும் ஃபேன், ஓட்டுப் பதிவு மெஷின் என்று வரிசை நீளும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபதே ரூபாய்க்குச் செய்ய முடியும் என்றார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் கார் தயார், விலை 2,000 ரூபாய். சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை. கார் அதோடு நின்றது.

இந்த மலரில் அவரை எழுதக் காரணம் வேறு. 1945-ல் அவருடைய உதவியால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் என்ஜினியரிங் கல்லூரியும் தொடங்கின. அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, நாம் ஜி.சி.டி. என்று சொல்வது. பள்ளியைத் தாண்டாத மனிதர் அங்கே பிரின்ஸ்பால்! நாலு வருஷப் படிப்பு வீண், அதே பாடத்தை இரண்டு வருஷத்தில் சொல்லித் தந்துவிடலாம் என்பது அவர் கட்சி. வெள்ளைக்கார சர்க்கார் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கும் தெர்மோடைனமிக்ஸும் அவசரப்பட்டால் மண்டையில் ஏறாது. ஏறாமல் அரியர் வைத்தவன் சொல்கிறேன். ஆனால் லேத்தில் கை வைக்கவே இரண்டு வருஷம் காத்திருந்த நம்மைப் போன்றவர்களுக்கு அவர் கோபம் புரியும். 2022-ல் அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் தொழில் திறன் பயிற்சி தருகிறது. டிகிரியோடு கைவேலையும் வேண்டும் என்ற பேச்சு எழுபது வருஷம் சுற்றி வந்து நிற்கிறது. நம்ம ஊரிலேயே பாருங்கள், தகரத்தை அறுத்து, ராவி, லீவர் பொருத்திப் பூட்டுச் செய்கிறவர் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுப் பட்டறையை எட்டிப் பார்த்த என்ஜினியரிங் மாணவர்கள் எத்தனை பேர்? நானே படிக்கும்போது போனதில்லை.

நாயுடு 1974 ஜனவரி 4-ல் காலமானார். கோவையில் அவர் பெயரில் மியூசியம் இருக்கிறது. 2025-ல் அவினாசி ரோட்டில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மியூசியத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள். பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுங்கள். பழனியிலிருந்து பொள்ளாச்சி வரை அவர் பஸ் ஓட்டிய பக்கம்.