சேவைக்கும் படிப்பு வேண்டும்: சாவித்திரிபாய் காட்டிய வழி

பிளஸ் 2 தேர்வு நேரம் இது. காலனிப் பிள்ளைகளுக்கு நாம் நடத்தும் மாலை வகுப்பில் இப்போது பாடத்தைவிட, அடுத்து என்ன படிப்பது என்ற பேச்சுதான் அதிகம். ஒரு மாணவி சமூகப்பணி படிக்கப் போவதாகச் சொன்னாள். இன்னொருத்தி நர்சிங் என்றாள். பேத்தியை அழைத்துப் போக வந்திருந்த பெரியம்மா ஒருவர் சிரித்துவிட்டார். நாலு பேருக்கு ஒத்தாசை செய்ய மனசு இருந்தால் போதாதா, அதற்குப் போய் ஒரு காலேஜ் படிப்பா என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் தெருவில் பிரசவம் பார்த்த பாட்டிகளும், சாவு வீட்டில் முதல் ஆளாய் நின்ற அண்ணன்களும் எந்தப் பட்டமும் வாங்கியவர்கள் அல்ல. ஆனாலும் பெரியம்மாவை உட்கார வைத்து நாம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொன்னோம். வரும் மார்ச் 10 அந்தப் பெண்ணின் நினைவு நாள். அவர் சாவித்திரிபாய் புலே.

படிக்காத மணப்பெண்

மராட்டிய மாநிலம் சாத்தாரா பகுதியில் நாய்காவ் என்ற ஊரில் 1831 ஜனவரி 3இல் பிறந்தார். தோட்ட வேலை செய்யும் மாலி சாதி. பெண் படிப்பதே பாவம் என்று நம்பிய காலம். 1840இல் 9 வயதில் ஜோதிராவ் புலேவுக்கு மணம் முடித்து வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு வயது 13. புகுந்த வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கணவரே முதல் ஆசிரியர் ஆனார். ஜோதிராவை வளர்த்த உறவுக்காரப் பெண் சகுணாபாயும் சேர்ந்து உட்கார்ந்து படித்தார். பிறகு ஜோதிராவின் நண்பர்கள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. அகமதுநகரில் அமெரிக்க மிஷனரி சிந்தியா ஃபாரர் நடத்திய நிறுவனத்திலும், புனேயில் இருந்த நார்மல் ஸ்கூலிலும் சாவித்திரிபாய் ஆசிரியர் பயிற்சி பெற்றார்.

இந்த இடத்தில் மாணவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். பெண்களுக்கு ஆசிரியையே கிடைக்காத காலம் அது. நாலு எழுத்து தெரிந்த பெண்ணை வகுப்பில் நிறுத்தியிருந்தாலே பெரிய காரியம் என்றிருப்பார்கள். பயிற்சி எதற்கு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஏழைப் பிள்ளைக்கு அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. வசதி உள்ள பிள்ளை ஒரு ஆசிரியர் சரியில்லை என்றால் இன்னொருவரிடம் போய்விடும். நம் பிள்ளைக்கு அந்த ஒரு வகுப்பை விட்டால் வேறு வழியில்லை.

சேறும் சாணமும்

1848இல் புனே பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளி தொடங்கியது. நம் நாட்டின் முதல் பெண் ஆசிரியர்களில் ஒருவராக அவர் கரும்பலகை முன் நின்றார். தெருவில் நடந்து போகும்போது அவர்மீது சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள். பள்ளியில் மாற்றிக்கொள்ள இன்னொரு சேலையைக் கையோடு எடுத்துப் போவார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிய மாமனார், மகனையும் மருமகளையும் 1849இல் வீட்டைவிட்டு வெளியேற்றினார். உஸ்மான் ஷேக் என்ற நண்பர் இடம் கொடுத்தார். 1851 முடிவதற்குள் பெண்களுக்காக 3 பள்ளிகள் நடந்தன. மகர், மாங் மக்களின் பிள்ளைகளுக்கான கல்விக்கென்று தனிச் சங்கமும் உருவானது.

பயிற்சி பெற்ற ஆசிரியர் கையில் வளர்ந்த பிள்ளை எப்படி இருக்கும் என்பதற்கு முக்தா சால்வே சாட்சி. மாங் சமூகத்தில் பிறந்த அந்தச் சிறுமி, 1855இல் தன் மக்களும் மகர் மக்களும் படும் துயரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். ஞானோதயா இதழ் அதை அச்சிட்டது. எழுத்துக் கற்ற ஒடுக்கப்பட்ட பெண் முதலில் எழுதியது தன் சேரியின் வலியைத்தான்.

1856இல் உடல்நலம் குன்றிய சாவித்திரிபாய் தாய்வீட்டில் தங்கியிருந்தார். தாழ்ந்த சாதிக்காரர்களுக்கு உழைத்துக் குடும்ப மானத்தை வாங்குவதாகச் சகோதரர் சண்டை பிடித்தார். ஆட்டையும் மாட்டையும் தடவிக் கொடுக்கிறவர்கள் மகரையும் மாங்கையும் ஏன் தொட மறுக்கிறார்கள் என்று சாவித்திரிபாய் திருப்பிக் கேட்டார். இதைக் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தான் இல்லாததால் பள்ளி வேலை முழுவதும் பாத்திமாவின் தலையில் விழுந்திருக்குமே என்ற கவலையும் அதே கடிதத்தில் இருக்கிறது.

இரண்டு உயிர்கள்

1868ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றை நம் ஊர்களில் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். பார்ப்பன இளைஞன் ஒருவனும் தீண்டாமைக்கு ஆளான சமூகத்துப் பெண் ஒருத்தியும் விரும்பினார்கள். அவள் கருவுற்றிருந்தாள். ஊரார் இருவரையும் தெருத்தெருவாக இழுத்துப் போய் அடித்தார்கள். கொன்றுவிடவும் முடிவு செய்திருந்தார்கள். சாவித்திரிபாய் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். அவர் அழுது கெஞ்சவில்லை. கொலை செய்தால் ஆங்கிலேயர் சட்டம் என்ன செய்யும் என்பதை எடுத்துச் சொன்னார். கூட்டம் பின்வாங்கியது. இருவரையும் காப்பாற்றிக் கணவரிடம் அனுப்பி வைத்தார்.

ஆணவக் கொலைச் செய்திகளைப் படித்துப் படித்து நாம் சலித்துப் போயிருக்கிறோம். அன்று இரண்டு உயிர்களைக் காத்தது இரக்கம் மட்டும் அல்ல. வெறிகொண்ட கூட்டத்தின் முன் எதைப் பேசினால் கை தாழும் என்ற அறிவும் சேர்ந்துதான் காத்தது. அந்த அறிவுக்குத்தான் இன்று சமூகப்பணிப் படிப்பு, சட்டப் படிப்பு என்று பெயர்.

கருவுற்ற விதவைகள் பாதுகாப்பாகப் பிள்ளை பெற 1863இல் புலே தம்பதியர் இல்லம் திறந்தார்கள். விதவை ஒருவருக்குப் பிறந்த யஷ்வந்தைத் தத்தெடுத்து, மருத்துவம் படிக்க வைத்தார்கள். 1876-77 பஞ்சத்தில் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். 1890இல் ஜோதிராவ் மறைந்தபோது இறுதிச் சடங்கில் கொள்ளிச் சட்டியைச் சாவித்திரிபாயே ஏந்தினார்.

முதுகில் சுமந்த பிள்ளை

1897இல் புனேயைப் பிளேக் தாக்கியது. அப்போது அவருக்கு வயது 66. யஷ்வந்த் டாக்டராகியிருந்தார். ஊருக்கு வெளியே ஹடப்சர் பகுதியில் மருத்துவமனை அமைத்து மகன் வைத்தியம் பார்க்க, தாய் நோயாளிகளைக் கொண்டு வந்து சேர்த்தார். முண்ட்வாவில் மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயில் கிடப்பது தெரிந்தது. ஊர் தொட மறுத்த பிள்ளையை அவர் முதுகில் சுமந்து வந்தார். நோய் அவரையும் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். நமக்காக வாழ்ந்து, நம் பிள்ளையைச் சுமந்ததால் இறந்தவர். ஜோதிராவைத் தன் குருக்களில் ஒருவராக அண்ணல் அம்பேத்கர் கொண்டாடினார். 2014இல் புனே பல்கலைக்கழகத்துக்குச் சாவித்திரிபாய் பெயர் வைக்கப்பட்டது.

அந்த முதுகில் இருந்தது அன்பு. அந்தப் பிள்ளையைக் கொண்டு சேர்க்க ஒரு மருத்துவமனையும் ஒரு டாக்டரும் இருந்தது படிப்பால். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் நடக்காது.

மார்க் குறைந்தவர்கள் போகிற படிப்பு என்று சமூகப்பணியையும், ஏழைப் பெண்களுக்கான வேலை என்று நர்சிங்கையும் இளக்காரமாகப் பேசுவோர் இருக்கிறார்கள். பேசட்டும். நம் தெருவுக்கு வரும் அதிகாரிக்கு நம் பாஷை புரிவதில்லை. நம் பாஷை தெரிந்தவர்களிடம் அதிகாரம் இல்லை. இந்த இடைவெளியை நம் பிள்ளைகள்தான் அடைக்க வேண்டும். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள். சேரும் கல்லூரியில் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தவறாமல் விண்ணப்பியுங்கள்.

கதையைக் கேட்டு முடித்த பெரியம்மா சிறிது நேரம் பேசவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், அந்தக் காலேஜ் எந்த ஊரில் இருக்கிறது, பஸ் வசதி உண்டா என்று நம்மிடம் கேட்டார்.