ஒப்பனை வேண்டாத முகம்

2022ஆம் ஆண்டு அமெரிக்க அரசு புதிய இருபத்தைந்து காசு நாணயம் ஒன்றை வெளியிட்டது. அதன் ஒரு பக்கத்தில், முகவாயைக் கையில் தாங்கியபடி ஒரு பெண் காணப்படுகிறார். நெற்றியில் நேராகக் கத்தரித்த முடி. சுற்றிலும் திரையரங்கு விளக்குகள். ஆசிய வம்சாவளி அமெரிக்கர் ஒருவரின் உருவம் அந்நாட்டு நாணயத்தில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. அவர்தான் நடிகை அன்னா மே வோங்.

1905ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வோங் லியூ சோங். தந்தை சலவைக்கடை நடத்தி வந்தார். பெற்றோரும் அமெரிக்காவில் பிறந்தவர்களே. ஆயினும், பள்ளியில் வெள்ளையின மாணவர்கள் அச்சிறுமியைக் கேலி செய்து துன்புறுத்தினர். அதனால், சீனப் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கு அவர் மாற்றப்பட்டார்.

அக்காலத்தில் நகரின் சீனர் பகுதியில் அடிக்கடி படப்பிடிப்பு நடக்கும். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அதை வேடிக்கை பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. தந்தை கண்டித்தும் ஆசை அடங்கவில்லை. 1919இல் கூட்டத்தில் ஒருவராக விளக்கேந்தி நின்றவர், 1922இல், பதினேழு வயதில், ஒரு வண்ணப்படத்தின் கதாநாயகி ஆனார். 1924இல் வெளிவந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ அவரை உலகறியச் செய்தது.

புகழ் வந்தது, நல்ல பாத்திரங்கள் வரவில்லை. அடிமைப்பெண், சூழ்ச்சிக்காரி, வெள்ளையரைக் காதலித்துக் கைவிடப்படும் அபலை என இவையே மாறி மாறி அவருக்குக் கிடைத்தன. படத்தின் முடிவில் அப்பாத்திரங்கள் பெரும்பாலும் இறந்துவிடும். சீனரை மையமாகக் கொண்ட கதை என்றால், வெள்ளையின நடிகர்கள் முகத்தில் சாயம் பூசி, கண்களின் வடிவத்தை ஒப்பனையால் மாற்றிக்கொண்டு நடித்தார்கள். ஒப்பனையே தேவைப்படாதவர் அருகில் துணைப்பாத்திரத்தில் நின்றார்.

இதற்கு ரசனை மட்டும் காரணமன்று. வெள்ளையரும் ஆசியரும் திருமணம் செய்துகொள்வதைக் கலிபோர்னியா மாநிலச் சட்டம் 1948வரை தடை செய்திருந்தது. திரையிலும் அத்தகைய காதலைக் காட்டப் படநிறுவனங்கள் தயங்கின. கதாநாயகன் வெள்ளையர் என்றால், அவருக்கு இணையாக வோங்கை நடிக்கவைக்க முடியாது. சீனக் கதாநாயகனாக நடிப்பவரும் வெள்ளையரே! ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு அடைத்தே இருந்தது.

1928இல் அவர் ஐரோப்பாவுக்குச் சென்றார். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளைக் கற்றார். லண்டனில் உருவான ‘பிக்காடிலி’ படம் அவரது நடிப்பாற்றலை எடுத்துக்காட்டியது. வியன்னா மேடையில் ஜெர்மன் மொழியிலேயே நடித்தார். எனினும், சீனர் வருகையைத் தடுக்கும் சட்டம் நடப்பில் இருந்ததால், அமெரிக்காவை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் திரும்பி வருவதற்கான அனுமதியை அவர் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. அவர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமகள்!

நாடு திரும்பியவருக்குப் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. சீன உழவர் குடும்பத்தைப் பற்றிப் பேர்ல் பக் எழுதிய ‘தி குட் எர்த்’ நாவல் படமாகவிருந்தது. அதன் நாயகி ஓலான் பாத்திரம் தமக்குக் கிடைக்கும் என வோங் பெரிதும் நம்பினார். அதுவோ ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெயினருக்குப் போனது. வோங்கை அழைத்தது, அக்குடும்பத்தைக் குலைக்கும் லோட்டஸ் என்ற பெண்ணாக நடிக்கத்தான். முதன்மை நடிகர்களுள் சீனர் தாம் ஒருவர் மட்டுமாக இருக்க, வெறுக்கத்தக்க பாத்திரமும் தமக்கேவா எனக் கருதிய அவர் அதை மறுத்துவிட்டார். ஓலானாக நடித்த ரெயினருக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது.

1936இல் அவர் முதன்முறையாகச் சீனாவுக்குப் பயணமானார். அங்கும் மனம் குளிரவில்லை. சீனரை இழிவாகக் காட்டும் வேடங்களை ஏற்றவர் எனச் சிலர் அவரைச் சாடினர். அவர்கள் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அவ்வேடங்களை எழுதியவர் அவரல்லர். வேறு வேடங்கள் அவரைத் தேடி வந்ததும் அரிது.

மறு ஆண்டு வெளிவந்த ‘டாட்டர் ஆஃப் ஷாங்காய்’ சிறிய படந்தான். அதில் அவர் குற்றவாளிகளைத் துணிச்சலுடன் பின்தொடரும் கதாநாயகி. துப்பறியும் நாயகனாகக் கொரிய வம்சாவளியினரான ஃபிலிப் ஆன் நடித்தார். படத்தின் இறுதியில் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்!

போர்க்காலத்தில், தாம் நடித்த இரு படங்களின் ஊதியத்தைச் சீன நிவாரண நிதிக்கு வழங்கினார். 1951இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கலைக்கூட உரிமையாளராகவும் துப்பறிபவராகவும் நடித்தார். ஆசிய வம்சாவளியினர் ஒருவரை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட முதல் அமெரிக்கத் தொடர் அது. பாத்திரத்தின் பெயர் லியூ சோங். பெற்றோர் அவருக்கு வைத்த அதே பெயர். அத்தொடரின் படப்பிரதி எதுவும் இன்று கிடைக்கவில்லை.

1961இல் ஆசிய நடிகர்கள் பலரைக் கொண்டு ‘ஃபிளவர் டிரம் சாங்’ என்னும் படம் உருவானது. அதில் மூத்த சீனப் பெண்மணியாக வோங் நடிக்கவிருந்தார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரி 3ஆம் நாள், ஐம்பத்தாறாம் வயதில், மாரடைப்பால் காலமானார். அந்தப் பாத்திரத்தில் ஒப்பனை செய்துகொண்டு நடித்தவர் ஆப்பிரிக்க அமெரிக்க நடிகை ஹுவானிட்டா ஹால்.