எக்ஸ்ரே கதிரை அளந்த வியன்னா மருத்துவர்

எக்ஸ்ரே எடுக்கப் போனால், படம் எடுப்பவர் நம்மை நிற்க வைத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்விடுகிறார். குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் தாய்க்கு ஈயக் கவசம் மாட்டுகிறார்கள். இந்த எச்சரிக்கை தொடக்கத்தில் இருக்கவில்லை. அதற்கு விலை கொடுத்தவர்களில் ஒருவர் வியன்னாவைச் சேர்ந்த டாக்டர் குய்டோ ஹோல்ஸ்க்னெக்ட்.

1872இல் பிறந்தவர். 1895இல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபோது இவர் மருத்துவ மாணவர். பட்டம் பெற்றதும் வியன்னா பொது மருத்துவமனையில் பேராசிரியர் நோத்நாகலிடம் சேர்ந்து, இந்தப் புதிய துறையையே தேர்ந்துகொண்டார். 1901இல், நெஞ்சு நோய்களை எக்ஸ்ரே மூலம் கண்டறிவது பற்றி நூல் வெளியிட்டார். நோயாளியைச் சாய்வாகத் திருப்பிப் பார்க்கும்போது இதயத்துக்கும் முதுகெலும்புக்கும் நடுவே தெரியும் வெளிக்கு இவர் பெயரே வழங்கலாயிற்று.

அக்காலத்தில் இதே கதிரை நோய் தீர்க்கவும் பாய்ச்சினார்கள். எவ்வளவு பாய்ந்தது என்று அறிய வழியில்லை. சிலருக்குத் தோல் வெந்து புண்ணானது. 1902இல் ஹோல்ஸ்க்னெக்ட் ஓர் அளவுகருவியை அறிமுகப்படுத்தினார். கதிர் பட்டால் நிறம் மாறும் சிறு வில்லையை நோயாளியின் தோலருகே வைத்து, அந்த நிறத்தை ஒரு நிறப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான் கருவி. துல்லியம் குறைவு, 1904இலேயே பாரிஸில் சபூரோவும் நுவாரேயும் வேறு வில்லையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால், மருந்தைப் போலக் கதிரையும் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவர்களிடம் வேரூன்ற இவரது கருவி பெரிதும் உதவியது என்றே நாம் கருதுகிறோம்.

1905 முதல் அதே மருத்துவமனையின் மைய எக்ஸ்ரே நிலையத்துக்குத் தலைமை ஏற்றார். பல நாட்டு மருத்துவர்கள் அங்கே வந்து இவரிடம் பயின்றார்கள். உளவியல் அறிஞர் ஃப்ராய்டுக்கு வாயில் புற்றுநோய் வந்தபோது கதிர்ச் சிகிச்சை அளித்தவரும் இவரே.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தங்கள் கையையே கதிருக்கு முன் நீட்டி, எலும்பு தெளிவாகத் தெரிகிறதா என்று சோதிப்பது அந்நாளைய மருத்துவர்களின் வழக்கம். ஒரு நாளில் எத்தனை முறை நீட்டினோம் என்று யார் கணக்கு வைத்தார்கள்? பாதிப்பு உடனே தெரியாது. ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும். ஹோல்ஸ்க்னெக்ட்டின் கைகளிலும் புற்று வந்தது. முதலில் விரல்களை எடுத்தார்கள். அடுத்தடுத்த அறுவைகளில் வலக்கையே போயிற்று. அதன் பிறகும் அவர் பணியை விடவில்லை.

1931 அக்டோபர் 30 அன்று, 58 வயதில் இறந்தார். எக்ஸ்ரேயால் உயிரிழந்த மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் 1936இல் ஹாம்பர்க் நகர மருத்துவமனை ஒன்றின் வளாகத்தில் நினைவுக்கல் நாட்டினார்கள். அதில் அப்போது பொறித்த 169 பெயர்களில் இவருடையதும் ஒன்று.