திருவரங்கத்தைப் படமெடுத்த காப்டன் டிரைப்

வர்ணமில்லாத படம் குறைபட்ட படம் என்று நம்மவரில் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதற்குத் திருச்சியிலும் திருவரங்கத்திலும் எடுக்கப்பட்ட பழம்படங்களே சாட்சி. அவற்றை எடுத்தவர் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர்.

டிரைப் 1822-ஆம் வருஷம் இங்கிலாந்தில் டெவன்போர்ட் நகரில் பிறந்தார். இளம் பிராயத்திலேயே கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தார். விடுமுறையில் தாய்நாடு சென்றிருந்தபோது, அந்நாளில் புதிதாயிருந்த போட்டோக் கலையைக் கற்றார். 1855-ல் ஆவா சென்ற தூதுகோஷ்டியுடன் போய்ப் பர்மாவின் ஆலயங்களைப் படமெடுத்துக் கீர்த்தி பெற்றார். 1856-ல் சென்னை சர்க்கார் அவரைத் தனது படப்பிடிப்பாளராக நியமித்தது.

வடநாட்டில் சிப்பாய்களின் புரட்சி மூண்டிருந்த 1857 டிசம்பரில், அவர் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து புறப்பட்டார். திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களை மறு வருஷத்து வேனிலுக்குள் படமாக்கினார். மெழுகேற்றிய காகிதமே அவருடைய நெகடிவ். ஒளி பதிய வெகுநேரம் ஆகுமாதலால் நடமாடுவோர் உருவம் அதில் நிற்பதில்லை. அக்காலத்து ரசாயனம் நீல ஒளியை மிகுதியாகவும் பச்சையைக் குறைவாகவும் ஏற்கும். வானம் வெளுக்கும், மரங்கள் கறுக்கும். ஆகவே நெகடிவின் மீதே தூரிகை பிடித்து மேகங்களைத் தீட்டினார் டிரைப். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார்.

இப்படங்களில் வர்ணம் கண்ணைப் பறிப்பதில்லை. ஆகையால் கல்லின் வயதும், தூணின் திரட்சியும், நிழலின் ஆழமும் தெளிவாகப் புலனாகின்றன. மலைக்கோட்டைப் பாறையின் பாரத்தை மனம் உணருகிறது. இன்று பல வர்ணம் பூசி நிற்கும் கோபுரங்களின் கட்டுக்கோப்பை அறிய விரும்புவோர்க்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை. 1987-ல் பதின்மூன்று நிலைகளுடன் நிறைவுற்ற திருவரங்கம் ராஜகோபுரம், டிரைப் வந்த நாளில் முற்றுப்பெறாத மொட்டைக் கோபுரமாகவே நின்றது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

1859-ல் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெலியன், இவ்வேலை வீண் ஆடம்பரம் என்று கருதி நிறுத்தினார். டிரைப் பட்டாளத்துக்கே திரும்பினார். அத்தகைய பெருமுயற்சியில் பின்னர் அவர் இறங்கவில்லை. 1902-ல் பிறந்த ஊரிலேயே காலமானார்.

கும்பினி தன் காரியத்துக்காகவே அவரை ஏவியது. கலை செலவாகத் தோன்றியதும் கைவிட்டது. படத்திலுள்ள ஆலயங்களோ நம்முடையவை. அவற்றின் பழந்தோற்றத்தைக் காண லண்டன் காட்சிசாலைகளை நாடவேண்டிய நிலை நமக்குப் பெருமை தருவதன்று. நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் மங்கிக் கிடக்கும் பழம்படங்களையேனும் வர்ணமில்லை என்று ஒதுக்காமல் போற்றிக் காப்பது தமிழ் மக்களின் கடமையாகும்.